தேர்தல் ஆணையத்தின் பிரமாணப் பத்திரத் தளம்: பெருசுகளோடு உட்கார்ந்து பாருங்கள்

"ஆள் சரியில்ல" என்று திண்ணையில் பெரியவர்கள் சொல்வதைச் சரிபார்க்க இந்த இலவசத் தளம் போதும். தேர்தல், மாநிலம், தொகுதி என்று தேர்வு செய்து, வேட்பாளர் பக்கத்தைத் திறந்தால், அவர் தன் சொத்து, வழக்கு விவரங்களை உறுதிமொழியாகத் தரும் படிவம் 26-ஐ பிடிஎஃப்பாக இறக்கலாம். எல்லாரும் வழக்கு விவரத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். விஷயமே அசையாச் சொத்துப் பகுதியில்தான் இருக்கிறது. சர்வே எண், பரப்பு, பரம்பரைச் சொத்தா, வாங்கிய தேதி, அன்றைய விலை, இன்றைய சந்தை மதிப்பு எல்லாம் அங்கே உண்டு. அதை உள்ளூர்ப் பெரியவரிடம் வாசித்துக் காட்டுங்கள். "ரோட்டோரம் சென்ட் இந்த விலைக்கா? யாருக்குய்யா காது குத்துறான்!" என்பார். மதிப்பைக் குறைத்துக் காட்டியிருந்தால் அவர் கண்ணுக்குத் தப்பாது. கணினிக்கு அந்த ஊர் நிலவரம் தெரியாது. மனைவி, சார்ந்தோர் பெயரில் உள்ளவற்றையும் விடாதீர்கள்.

குறைகளும் உண்டு. பெரும்பாலும் ஸ்கேன் பக்கங்கள், சொல் தேட முடியாது. நோட்டரி முத்திரை சில சமயம் எண்கள் மேலேயே விழுந்திருக்கும். அப்போது கடைசியில் வரும் பகுதி 'ஆ' சுருக்கத்தில் மொத்தத் தொகையைப் பாருங்கள். முந்தைய தேர்தல் பத்திரத்தோடு ஒப்பிடும் வசதி இல்லை, இரண்டையும் இறக்கி நாமே கூட்டிக் கழிக்க வேண்டும். "போன தடவை என்ன வச்சிருந்தான்?" என்பதுதான் பெருசுகளின் முதல் கேள்வி. அதற்குப் போய் பட்டன் வைக்கவில்லையே!