கையில் நோட்டு, கணக்கில் எண்: இரண்டும் ஒரே பணமா?

கடையில் நீட்டும்போது இரண்டும் ஒன்றுதான். ஆனால் கடனாளி வேறு. நோட்டு, பெரும்பாலான நாடுகளில் மத்திய வங்கியின் கடன் பொறுப்பு. கணக்கிலுள்ள எண்ணோ, அந்த வணிக வங்கி உங்களுக்குத் தர வேண்டிய கடன்.

பிறப்பும் வேறு. ஒருவர் போட்ட டெபாசிட்டை எடுத்துத்தான் வங்கி இன்னொருவருக்குக் கடன் தருகிறது என்று பலரும் நினைக்கிறோம் (நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பினேன்). உண்மையில், கடன் வாங்கியவர் கணக்கில் தொகையை வரவு வைத்ததுமே புதுப் பணம் உண்டாகிவிடுகிறது. அசலைக் கட்டக் கட்ட அது மறைகிறது. பிரிட்டனின் மத்திய வங்கியான ‘பேங்க் ஆஃப் இங்கிலாந்தே’ 2014-இல் இதை வெளிப்படையாக விளக்கி எழுதியது. அதற்காக வங்கிகள் இஷ்டத்துக்குப் பணம் படைக்க முடியாது. மூலதன விதிகள் (வங்கி தன் சொந்த முதலாக எவ்வளவு வைத்திருக்க வேண்டும் என்பவை), வாராக்கடன் பயம், எல்லாவற்றுக்கும் மேலாக மத்திய வங்கியின் வட்டி விகிதம், இவைதான் கடிவாளம்.

பாதுகாப்பு? திருட்டை ஒதுக்கிவிட்டால் என் ஓட்டு நோட்டுக்கே. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி சரிந்தபோது, 2,50,000 டாலர் டெபாசிட் காப்பீட்டு வரம்புக்கு (வங்கி விழுந்தாலும் திரும்பக் கிடைக்கும் தொகைக்கு) மேல் வைத்திருந்தவர்கள் அரசு கைகொடுக்கும்வரை தவித்துப்போனார்கள்.

வசதியில் கணக்குப் பணத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. வட்டியும் வரும், நோட்டு பெட்டியில் தூங்கும், விலைவாசி தூங்காது.