நைலானா, கெவ்லாரா? கொடைக்கானல் பாறைக்கு எந்தக் கயிறு

கெவ்லார் என்ற வலிமையான செயற்கை இழை இழுத்தால் அதிகம் நீளாது, வளைத்தால் துணிபோல மடியும். மடிவதற்குக் காரணம் இழையின் மெல்லிய தடிமன்: சுமார் 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு கம்பியை அதே மொத்தப் பரப்பில் ஆயிரம் இழைகளாகப் பிரித்தால் இழுவிசைக்கான விறைப்பு மாறாது. வளைவதற்கான எதிர்ப்போ, இழைகள் தனித்தனியே வழுக்கிக்கொள்ள இடமிருந்தால், ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும்.

நைலான் இழையும் மெல்லியதுதான். ஆனால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் கெவ்லாரில்போல விறைத்து நிற்பவை அல்ல. இழுத்தால் நிமிர்ந்து நீளும். அறுபடுமுன் 15 சதவீதத்துக்கு மேல் நீளும்; கெவ்லார் 4 சதவீதத்துக்குள் அறுந்துவிடும். பாறையேறுபவர் தவறி விழும்போது அதிர்ச்சியை உள்வாங்குவது அந்த நீட்சிதான். அதனால் ஏறுவதற்கு டைனமிக், அதாவது நீண்டு கொடுக்கும், நைலான் கயிறு மட்டுமே. கெவ்லாரைக் கட்டினால் அடி முழுவதும் உடம்புக்கும் பாறையில் அடித்த ஆணிக்கும் போகும்.

அசையாத பாரத்தைத் தளராமல் இழுத்துக் கட்டக் கெவ்லார் நல்லது. ஆனால் முடிச்சின் உள்வளைவில் இழை நசுங்கி மடிப்பு விழும். திரும்பத் திரும்ப மடித்தால் அங்கேயே அறும். மலை வெயிலின் புறஊதாக் கதிரும் அதைக் கெடுக்கும், உறையுள்ளதையே வாங்குங்கள். மூடுபனியில் நனைந்த நைலானும் வலிமை குறையும், நிழலில் உலர்த்துங்கள்.