அண்ணப்பிளவுக் குழந்தைகளுக்கான பேச்சுப் பயிற்சிப் பிரிவு: ஒரு தாயின் மதிப்பீடு

சென்னையில் உள்ள ஒரு மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சிப் பிரிவுக்கு எங்கள் மகளை ஓராண்டாக அழைத்துச் செல்கிறோம். அண்ணப்பிளவுடன், அதாவது மேல்வாயில் பிளவுடன், பிறந்த அவளுக்குப் பதினோராவது மாதத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. தையல் நன்றாக ஆறிய பிறகும், இரண்டு வயதில் அவள் சொன்ன 'அப்பா' எங்கள் காதில் 'அம்மா' என்றே விழுந்தது. 'அக்கா' என்னும்போது ககரம் வராமல் தொண்டையில் ஒரு சிறு அடைப்பு மட்டும் கேட்டது. முதலில் காட்டிய வேறோர் இடத்தில், ஐந்து வயது வரை பொறுத்திருங்கள், அதுவரை பலூன் ஊதட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அதில் ஆறு மாதம் வீணாயிற்று.

இங்கே முதல் நாளே காரணத்தை விளக்கினார்கள். வல்லின எழுத்துகள் ஒலிக்க வாய்க்குள் காற்று அழுத்தம் பெற வேண்டும். அதற்கு மென்மையான பின் அண்ணம் மேலெழுந்து மூக்குக்குச் செல்லும் வழியை அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் பகரம் மகரமாகிறது. மெல்லினத்துக்கு மூக்கே இடம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த இலக்கணம், என் மகளின் பேச்சைக் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. வாயில் அழுத்தம் கிடைக்காத குழந்தை காற்றைத் தொண்டையிலேயே தடுத்து ஒலிக்கப் பழகிக்கொள்கிறது. பின்னர் அண்ணம் சரியாக இயங்கினாலும் அந்தப் பழக்கம் தானாகப் போவதில்லை. ஊதுவதாலும் உறிஞ்சுவதாலும் பேச்சொலி திருந்தாது, பேசித்தான் பேச்சைப் பழக்க வேண்டும் என்று பயிற்சியாளர் சொன்னபோது, இழந்த ஆறு மாதத்தை எண்ணி மனம் கனத்தது.

பயிற்சி எளிமையானது. மூக்கை மெல்லப் பிடித்துக்கொண்டு 'பா' சொல்லச் செய்வார். மூக்கின் கீழ்க் கண்ணாடியை வைத்து, காற்று கசிந்து பனி படிகிறதா என்று எனக்கும் காட்டுவார். நடுச்செவியில் நீர் தேங்குவது இக்குழந்தைகளிடம் மிகுதி என்பதால், செவித்திறன் பரிசோதனையையும் உடனே செய்துவிட்டார்கள். 'சரியாகச் சொல்' என்று அதட்டாமல், அவள் சொல்ல வந்ததை நாங்கள் திருத்தமாகத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது வீட்டுக்கான முதல் பாடம். அவள் சொற்கள் பெருகியது இதனால்தான் என்று நம்புகிறேன். இன்று 'அப்பா', 'பால்', 'பாப்பா' தெளிவாக வருகின்றன. ககரம் இன்னும் பிடிபடவில்லை. கசிவு நீடித்தால் உள்நோக்கிக் கருவியால் (எண்டோஸ்கோப்) அண்ணத்தின் அசைவைப் பார்த்து, மற்றோர் அறுவை தேவையா என்று முடிவு செய்ய வேண்டும், அண்ணம் சரியாக மூடாத குறையைப் பயிற்சியால் ஈடுகட்ட முடியாது என்று ஒளிவின்றிச் சொன்னதை இப்பிரிவின் பெரிய நேர்மையாக மதிக்கிறேன்.

குறைகளும் உண்டு. பயிற்சியாளர் ஒருவரே என்பதால் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, அரை மணி நேரம்தான் கிடைக்கிறது. சனிக்கிழமை இல்லாததால் தினக்கூலிக்குச் செல்லும் பெற்றோர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். வீட்டுப் பயிற்சித் தாளை ஆங்கிலத்தில் தருகிறார்கள். பகல் முழுதும் குழந்தையுடன் இருக்கும் என் மாமியாருக்காக அதைத் தமிழில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். செல்ல நினைப்பவர்கள், அறுவை முடிந்து மருத்துவர் அனுமதித்த உடனேயே பதிவு செய்யுங்கள். வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரையும் முதல் நாளே உடன் அழைத்துச் செல்லுங்கள்.