வட்டக்கச்சி வெயிலில் ஒரு 3080: ஜெலிட் தேர்மல் பாட், நான்கு மாதப் பாவனைக்குப் பிறகு

வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஸ்ரூடியோ. கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் நாங்கள் எடுக்கும் வீடியோ எல்லாம் இங்கேதான் எடிட் ஆகும். கூரை அஸ்பெஸ்டஸ் சீற். ஏசி கிடையாது. வைகாசி மத்தியானத்தில் மேசைமேல் உள்ள வெப்பமானி 34 பாகை காட்டும். அந்த அறைக்குள் 320 வாட் இழுக்கிற ஒரு கிராபிக்ஸ் கார்ட்டை மணிக்கணக்காக ஓட்டுகிற ஆளாகத்தான் கார்ட்டின் மெமரிச் சூட்டை வெளியே கடத்துகிற மெத்தென்ற தாளான தேர்மல் பாட் பற்றிய இந்த ரிவ்யூவை எழுதுகிறேன். குளிரூட்டிய அறையில் சோதித்தவர்கள் சொல்லும் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது.

கார்ட் ஆர்டிஎக்ஸ் 3080, பத்து ஜிபி. 2023இல் கொழும்பில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. 2022 செப்டெம்பர் 15ஆம் தேதி எதெரியம் என்கிற டிஜிட்டல் நாணயத்தின் முறை மாறி, கார்ட்டை வைத்து அதை மைனிங் செய்கிற, அதாவது கணக்குப் போடவிட்டு நாணயம் சம்பாதிக்கிற வேலை நின்றுபோனது. அதற்குப் பிறகு இந்த வகைக் கார்ட்டுகள் நிறையச் சந்தைக்கு வந்தன. இதுவும் மைனிங்கில் ஓடியதா என்று விற்ற அண்ணையிடம் கேட்டேன். ஓம் என்று மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காகவே வாங்கினேன், அதில் இன்றைக்கும் எனக்கு வருத்தம் இல்லை.

பிரச்சினை தெரியவந்தது இந்த முறை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வீடியோ செய்யும்போது. கடல்நீரில் விளக்கெரிகிற இடத்தை இருட்டில், வேறு வெளிச்சம் போடாமல் எடுத்திருந்தோம். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல். டாவின்சி ரிசால்வ் என்கிற எடிட்டிங் மென்பொருளில் நொய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால்தான் அம்மன் வாசல் துலங்கும். முதல் பத்து நிமிடம் ரெண்டர் நன்றாகப் போனது. அப்புறம் செக்கனுக்கு ஒன்பது ஃபிரேம் போனது நாலாக இறங்கிவிட்டது. கார்ட்டின் சூடு 71 பாகை என்று காட்டியது. 71 ஒரு சூடே இல்லை. ட்ரைவரை மாற்றினேன், புரோஜெக்டைப் புதிதாகத் திறந்தேன், ஒன்றும் ஆகவில்லை. பூசாரிமார், உபயகாரர் எல்லோரும் வீடியோ எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் சூட்டைக் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளைப் போட்டுக் கீழே கீழே தேடிப் பார்த்தேன். மெமரி ஜங்ஷன், அதாவது மெமரிச் சிப்பின் உட்சூடு என்று ஒரு வரி இருக்கிறது. அதில் 110. இந்த 3080இல் இருப்பது ஜிடிடிஆர்6எக்ஸ் என்கிற வேகமான, ஆனால் நல்லாகச் சுடுகிற மெமரி. அது 110 பாகையைத் தொட்டால் கார்ட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். நடுவில் இருக்கும் சிப் சொல்லும் 71ஐ மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. 3080, 3090, 3070 டிஐ வைத்திருக்கிற எவரும் இன்றைக்கே அந்த வரியைப் பாருங்கள், அதுவும் அரை மணித்தியாலமாவது வேலை கொடுத்த பிறகு.

சரி, திறந்து பார்ப்போம் என்று முடிவெடுத்தேன். வாரண்டி உள்ள கார்ட் என்றால் நான் திறந்திருக்க மாட்டேன். தம்பி டோர்ச் பிடித்தான். ஸ்குரூக்களைக் கழற்றியதும் ஹீட்சிங்க்கை, அதாவது சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகப் பகுதியை, இழுத்து எடுக்கக் கூடாது. ஃபானுக்குப் போகும் மெல்லிய வயர்கள் போர்டில் செருகியிருக்கும், முதலில் அவற்றை விடுவிக்க வேண்டும். உள்ளே பழைய பாட் வருடம் கடந்த பனாட்டுத் துண்டு மாதிரி இறுகிக் கிடந்தது. நகத்தால் கிளப்பினால் பொடியாக உதிர்ந்தது. அதைச் சுற்றிப் போர்டில் எண்ணெய்க் கறை, கடதாசியில் வடையை வைத்து எடுத்தால் வருமே, அதே வட்டம். சிலிக்கோன் பாட் சூட்டில் வருடக்கணக்காகக் கிடந்தால் எண்ணெய் கக்கிவிட்டு இப்படித்தான் காய்ந்துபோகும். மெமரியில் இருந்து ஹீட்சிங்க்குக்குச் சூடு போக வேண்டிய பாலம் இது. அது காய்ந்தால் மேலே எத்தனை ஃபான் சுற்றியும் பலன் இல்லை.

ஜெலிட்டுக்கு முதல் நான் செய்த பிழையையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் காசு வீணாவது பெரும்பாலும் அங்கேதான். தெரிந்த ஒருவர் இரண்டு மில்லிமீற்றர் போடு, தடிப்பாக இருந்தால் நன்றாக அழுத்தும் என்றார். அளக்காமலே வாங்கிப் போட்டேன். ஓடவிட்டு ஐந்து நிமிடத்துக்குள் நடுச் சிப் 83க்கும், அந்தச் சிப்பின் மிகச் சூடான புள்ளியான ஹாட்ஸ்பாட் 104க்கும் ஏறியது. உடனே நிறுத்திக் கழற்றினேன். சிப்பின் மேல் நான் வைத்த, சூடு கடத்தும் பேஸ்ட் பரவாமல், வைத்த மேனிக்கே மேடாக இருந்தது. தடித்த பாட் ஹீட்சிங்க்கைத் தூக்கிப் பிடித்திருக்கிறது; அதன் செம்புத் தகடு சிப்பில் படவே இல்லை.

அதற்குப் பிறகுதான் தச்சுவேலை செய்யும் மாமாவிடம் தடிப்பை அளக்கும் வேனியர் வாங்கி வந்தேன். குப்பைக்குள் போட்டிருந்த பழைய பாட்டை எடுத்து அளந்தேன். மெமரி அழுத்திய இடம் 1.2 மில்லிமீற்றர், அழுத்தம் படாத ஓரம் 1.5. வாங்கவேண்டியது 1.5. அதே 3080 என்றாலும் கம்பனிக்குக் கம்பனி, மொடலுக்கு மொடல் இந்தத் தடிப்பு மாறும். என் அளவை நம்பி நீங்கள் வாங்கிவிடாதீர்கள்.

வாங்கியது ஜெலிட் ஜிபி-எக்ஸ்ட்ரீம். 80க்கு 40 மில்லிமீற்றர் தாள், இரண்டு எடுத்தேன். கூரியருடன் சேர்த்துப் பத்தாயிரம் ரூபாவுக்குள் முடிந்தது. சூடு கடத்தும் திறன் மீற்றர்-கெல்வினுக்கு 12 வாட் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. எனக்கு அந்த இலக்கத்தைவிடப் பிடித்தது அதன் மென்மை. விரலால் மெதுவாக அழுத்தினால் ரேகை பதிகிறது. இலக்கம் பெரிதாக இருந்தும் கட்டியாக உள்ள பாட்டுகள் இருக்கின்றன. அவை அழுந்திக் கொடுக்காவிட்டால் நான் இரண்டு மில்லிமீற்றரில் பட்ட கதைதான். அளவு அரை மயிரிழை பிசகினாலும் மென்மையான பாட் தாங்கிக்கொள்ளும். வீட்டில் முதன்முதல் செய்கிறவருக்கு அந்த மன்னிப்பு வேண்டும்.

பத்து ஜிபி என்றால் மெமரி பத்துத் துண்டு. போர்டில் பன்னிரண்டு இடம் இருந்தது, இரண்டு வெறுமை. ஒரு தாளை நீளவாக்கில் மூன்று பட்டியாகவும், ஒவ்வொரு பட்டியையும் ஐந்தாகவும் வெட்டினேன். பதினைந்து துண்டு, ஒவ்வொன்றும் மெமரியை முழுதாக மூடியது. புது பிளேட்டும் அடிமட்டமும் வைத்து ஒரே அழுத்தில் வெட்டுங்கள். கத்தரிக்கோல் ஓரத்தை நசுக்கிவிடும். பாட்டின் இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்ரிக் தாள் ஒட்டியிருக்கும், ஒரு பக்கத்தை உரித்துவிட்டு மறுபக்கத்தை மறந்துவிடுவது மிக இலகு. உரித்த தாள்களைத் தம்பி மேசையில் அடுக்கி எண்ணினான். இருபது வந்த பிறகுதான் மூடினேன். பழைய கறையைத் துடைக்க ஐசோபுரோப்பைல் அல்ககோல், நடுச் சிப்புக்கு ஆர்ட்டிக் எம்எக்ஸ்-4 பேஸ்ட். ஸ்குரூக்களைச் சப்பாத்துக்கு லேஸ் கட்டுவது போல எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். இரண்டாவது தாள், மின்சாரம் பிரிக்கும் பகுதியில் உள்ள சிப்புகளுக்குப் போனது.

அதே வீடியோ, அதே அறை, அதே 34 பாகை. ஒரு மணித்தியாலம் ஓட்டினேன். மெமரி 88இல் நின்றது. நடுச் சிப் 69. ரெண்டர் ஒன்பது ஃபிரேமில் இருந்து அசையவில்லை. விளக்குச் சுடர் சுத்தமாக வந்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து நாளாகத் தூக்கம் கெட்ட வேலை அது. 88 அதிகம் என்று சிலர் சொல்வார்கள். அறைச் சூட்டைக் கழித்துப் பாருங்கள்: 54 பாகை. 22 பாகை அறையில் இருப்பவருக்கு இதே கார்ட் 76 காட்டும். இந்த வெயிலுக்கு எனக்கு அது போதும்.

பிறகு கார்ட்டின் வேகத்தையும் வோல்ட்டையும் மாற்ற உதவும் ஆஃப்டர்பேர்னர் மென்பொருளில் வோல்ட்டைக் கொஞ்சம் இறக்கினேன். இழுக்கிற மின்சாரம் 255 வாட்டுக்கு வந்தது, மெமரி 82க்கு இறங்கியது. ஒரு மணித்தியால வேலைக்கு இரண்டு நிமிடம்தான் கூடுதல். காசு செலவில்லாத இந்த வேலையைப் பாட் மாற்றுகிறவர்கள் கட்டாயம் சேர்த்துச் செய்யுங்கள்.

இப்போது ஆவணி. இடையில் சோளகம் அடித்த அடியில் றோட்டுப் புழுதியும், சிறுபோக அறுவடை தொடங்கியதும் பதரும் தூசும் அறைக்குள் வந்துவிட்டன. போன கிழமை புளோயரால் ஊதினேன். ஊதும்போது ஃபானை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், காற்றில் கண்டபடி சுற்றவிட்டால் பெயாரிங் கெட்டுப்போகும். ஊதிய பிறகு, வோல்ட் இறக்கியபடியே, 33 பாகை அறையில் மெமரி 83. நாலு மாதத்தில் பாட் தளர்ந்ததாகத் தெரியவில்லை.

குறை என்றால், தாள் சிறியது, அந்த அளவுக்கு விலை கூட. ஒருமுறை அழுத்தியதைக் கழற்றினால் பிய்ந்துவிடும், திரும்பப் போட முடியாது. அதனால் புதிதாக ஒட்டுவதற்கு முன்பே எல்லா இடத்தின் தடிப்பையும் தெரிந்துகொண்டு வாங்கவேண்டும். பின்தகட்டுக்கு வேறு தடிப்பு வேண்டியிருந்தது, அதை நான் இன்னும் மாற்றவில்லை. 3060, 3070 வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செலவு பெரும்பாலும் தேவைப்படாது. அவற்றில் உள்ளது எக்ஸ் இல்லாத ஜிடிடிஆர்6, அவ்வளவு சுடாது. தூசு தட்டி, பேஸ்ட் மாற்றினாலே போதும்.

மிஞ்சிய ஐந்து துண்டையும் பிளாஸ்ரிக் தாளோடே பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். புதுக்குடியிருப்பில் ஆல்பம் டிசைன் செய்யும் சிநேகிதி ஒருத்தியிடம் 3070 டிஐ இருக்கிறது, அவளுக்கும் மெமரி 106 காட்டுகிறதாம். ஞாயிற்றுக்கிழமை கார்ட்டைக் கொண்டு வருகிறாள். பாட் இன்னும் வாங்காதே, முதலில் அளப்போம் என்று சொல்லியிருக்கிறேன். மாமாவின் வேனியரை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.