சிபாப் மெஷினோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு: கரண்ட், காற்று, தண்ணீர், மாஸ்க்

தூக்கத்தில் மூச்சுத்தடை இருந்து சிபாப் (மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைத் தந்து மூச்சுக்குழாய் அடைபடாமல் காக்கும் மெஷின்) போட்டுப் படுக்கிறவர்கள் வெளிநாட்டிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த முதல் சில இரவுகளில் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "அங்கே நன்றாகத்தான் இருந்தது, இங்கே மாஸ்க்கைப் போட்டாலே மூச்சு முட்டுகிறது." நோய் முற்றிவிட்டதோ என்று சிலர் பயந்துபோகிறார்கள். சிலர் மெஷினைப் பையில் போட்டுவிட்டு, திரும்பும்வரை அது இல்லாமலே தூங்குகிறார்கள். இரண்டாவது வழி ஆபத்தானது. சிபாப்பை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே மூச்சுத்தடை பழையபடி திரும்பிவிடும். பகலில் கார் ஓட்டும்போது கண் சொக்கும். நோய் அநேகமாக அப்படியேதான் இருக்கும். மாறியிருப்பது அறையின் வெப்பமும் கரண்டும் தண்ணீரும் காற்றும்தான். போய்ச் சேர்ந்த அன்றே, வெளிச்சம் இருக்கும்போதே இவற்றைச் சரிபார்த்துவிட வேண்டும்.

முதலில் மூச்சு முட்டுவதற்கான காரணம். மே மாதம், ஏசி இல்லாத அறை, வெப்பம் 32 டிகிரி. மெஷின் அந்தக் காற்றைத்தான் இழுக்கிறது. உள்ளே மோட்டார் சுற்றுவதால் வெளியே வரும் காற்று அறையைவிடச் சற்றுச் சூடாகவே இருக்கும். அதோடு ஹியூமிடிஃபயரும் (டேங்க்கில் உள்ள தண்ணீரைச் சூடாக்கிக் காற்றுக்கு ஈரம் ஏற்றும் பகுதி) சூடேற்றும் குழாயும் ஓடினால் முகத்தில் வெந்நீர் ஆவி பிடிப்பது போல இருக்கும். அழுத்தம் சரியாகவே வந்தாலும் உடம்பு அதை மூச்சுத் திணறலாகத்தான் உணரும். இதற்குத் தீர்வு ஹியூமிடிஃபயரையும் குழாய்ச் சூட்டையும் முழுதாக அணைத்துவிடுவது. கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் போதுமான அளவு இருக்கிறது, மூக்கு வறளாது. ரெஸ்மெட் போன்ற மெஷின்கள் 35 டிகிரி வரையிலான அறைக்கென்றே செய்யப்பட்டவை. வேலூர், திருச்சி, மதுரைப் பக்கத்து மாடி அறைகள் கோடையில் முன்னிரவில் அந்த எல்லையைத் தொடும். கீழ்வீட்டு அறையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏசி அறையில் நேர்மாறான தொல்லை. 18 டிகிரியில் வைத்து, மேலே மின்விசிறியும் ஓடினால், குழாய்க்குள் ஆவி குளிர்ந்து தண்ணீராகிவிடும். கொளகொளவென்று சத்தம் வரும், மாஸ்க்குக்குள் தண்ணீர் சொட்டும், திடுக்கிட்டு எழுந்திருப்பீர்கள். ஏசியை 25, 26-இல் வையுங்கள், ஈரப்பத அளவை இரண்டு மூன்று படி இறக்குங்கள், குழாயைப் போர்வைக்குள் விடுங்கள். மெஷின் கட்டில் மட்டத்துக்குக் கீழே இருந்தால் தண்ணீர் முகத்துக்கு வராமல் திரும்பிப் போய்விடும். அதற்காகத் தரையில் வைக்க வேண்டாம், தூசியை இழுக்கும். பாயில் படுக்கிறவர்களுக்கு ஒரு அடிக்கும் குறைவான மனைப்பலகையோ முக்காலியோ போதும்.

அடுத்த காரணம் ராம்ப். அழுத்தம் 4 செ.மீ.-இல் (சிபாப் அழுத்தத்தை நீர்மட்ட செ.மீ. கணக்கில்தான் சொல்வார்கள்) தொடங்கி மெதுவாக ஏறும்படி வைத்திருப்பார்கள். அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் மாஸ்க்கின் துளை வழியாக விட்ட மூச்சு முழுதாக வெளியேறாது, பலருக்குக் காற்றுப் பசி எடுக்கும். வெக்கையில் அது இன்னும் தெரியும். ராம்பை அணைப்பதை உங்கள் மெனுவிலேயே செய்யலாம். தொடக்க அழுத்தத்தை 6 அல்லது 7 ஆக உயர்த்துவதற்கு உங்கள் கிளினிக்குக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். மூச்சை விடுவது சிரமமாக இருந்தால், விடும் நேரத்தில் மட்டும் 1 முதல் 3 செ.மீ. வரை அழுத்தத்தைக் குறைக்கும் வசதி பெரும்பாலான மெஷின்களில் உண்டு. டாக்டர் எழுதிக்கொடுத்த சிகிச்சை அழுத்தத்தில் மட்டும் நீங்களாகக் கை வைக்கக் கூடாது.

மூக்கடைப்பும் சேர்ந்துகொள்ளும். சாலைத் தூசி, வீட்டில் போடும் சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள், தை பிறக்கும் முன் போகிப் புகை எல்லாவற்றையும் மெஷின் இழுத்து நேரே மூக்குக்குள் தள்ளும். வடிகட்டி தூசியைத்தான் பிடிக்கும், புகையைப் பிடிக்காது. படுக்கை அறையில் சுருளும் லிக்விட் மருந்தும் வேண்டாம் என்று வீட்டாரிடம் தயங்காமல் சொல்லிவிட்டுக் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். மெஷின் வலைக்கு வெளியே, குழாய் மட்டும் உள்ளே. வெளிநாட்டில் மாதக் கணக்கில் தாங்கும் வடிகட்டி பஸ் ரூட் வீடுகளில் இரண்டு வாரத்தில் சாம்பல் நிறமாகிவிடும். ஆறு ஏழு உதிரி வடிகட்டி எடுத்துவாருங்கள், எடையே இல்லாத பொருள். மூக்கைக் கழுவுவதானால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் மட்டுமே. மெடிக்கலில் சீட்டு இல்லாமலே கொடுக்கும் சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு மருந்துகளை மூன்று நாளோடு நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்தால் அடைப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும்.

இனி கரண்ட். அடாப்டரின் அடியில் 100–240 வோல்ட், 50–60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் வேண்டாம். ஊரின் 230 வோல்ட்டில் நேராகப் போடலாம். அமெரிக்கா, கனடாவிலிருந்து வருகிறவர்கள் இதற்கு வீணாகச் செலவழிக்கிறார்கள். விமான நிலையத்தில் விற்கும் எல்லா நாட்டு பிளக்கை நம்பவும் வேண்டாம். சுவர் சாக்கெட்டில் அது தளர்ந்து ஆடும், இரவில் தொடர்பு விட்டுவிட்டு வரும். அடாப்டரிலிருந்து சுவருக்குப் போகும் ஒயர் கழற்றக்கூடியது. அதை எலக்ட்ரிக்கல் கடைக்கு எடுத்துப்போய், அதே வாயும் 6 ஆம்பியர் உருண்டை மூன்று பின்னும் உள்ள ஒயராக வாங்கிவிட்டால் வேலை முடிந்தது. கூடவே நான்கு மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று. ஊர் வீடுகளில் கட்டில் பக்கத்தில் சாக்கெட் இருப்பது அபூர்வம்.

"வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது" என்று சொல்வார்கள். அதில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். இன்வெர்ட்டர் லைன் பெரும்பாலும் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான் போயிருக்கும். நீங்கள் மெஷினைச் செருகும் சாக்கெட் அதில் இருக்காது. மெயினை ஒருமுறை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை வைத்து அந்த லைனிலிருந்து ஒரு சாக்கெட் இழுத்துக்கொள்ளுங்கள், அரை மணி வேலை. அடுத்தது, பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் அடாப்டர் சூடாகி இரைச்சல் போடும். சைன் வேவ் ரகம்தான் ஏற்றது. மூன்றாவது, இன்வெர்ட்டரின் பின்னால் யூபிஎஸ் என்றும் ஈகோ அல்லது நார்மல் என்றும் ஒரு சுவிட்ச் இருக்கும். யூபிஎஸ் பக்கம் தள்ளிவைத்தால்தான் மாறும் நேரம் மெஷின் அணையாத அளவுக்குக் குறையும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பெயரளவுக்கு 1800 வாட்-அவர் இருக்கிறது. நடைமுறையில் அதில் பாதிக்குச் சற்று மேல் கிடைக்கும் என்று கணக்கு வைக்கலாம். ஹியூமிடிஃபயர் அணைத்த மெஷின் 30 வாட் எடுத்தால்கூட எட்டு மணி நேரத்துக்கு 240 வாட்-அவர்தான். பழைய 75 வாட் ஃபேன் ஒன்று அதே நேரத்தில் 600 எடுத்துவிடும். ஃபேனை மாற்றினால் உங்கள் மெஷினுக்குத்தான் லாபம்.

மாதாந்தரப் பராமரிப்புக்கான மின்தடை பகலில்தான், முன்கூட்டியே அறிவிப்பார்கள். இரவில் திடீரென்று போனால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987-இல் புகார் பதியலாம். ஜெனரேட்டர் மாறும்போதும் நியூட்ரல் அறும்போதும் வோல்ட்டேஜ் எகிறும், அடாப்டரைச் சுட்டுப் பொசுக்குவது அதுதான். நொடிநேர எகிறலுக்கு நல்ல ஸ்பைக் கார்டு அவசியம், நியூட்ரல் அறுந்து நீடிக்கும் உயர் வோல்ட்டேஜை அது தடுக்காது. குறைந்த வோல்ட்டேஜை அடாப்டரே சமாளித்துக்கொள்ளும். கரண்ட் போய் மெஷின் நின்றால் மாஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். வாய்-மூக்கு மாஸ்க்கில் பாதுகாப்பு வால்வு திறந்து வெளிக்காற்று வரும் என்றாலும், விட்ட மூச்சே திரும்ப உள்ளே வரும் அளவு கூடும். தூக்க மாத்திரை போட்டோ மது அருந்தியோ படுத்தால் மெஷின் நின்றதும் விழிப்பு வராமல் போகலாம். இரண்டும் மூச்சுத்தடையையும் கூட்டலாம்.

தண்ணீர் விஷயத்தில் ஊரில் நடக்கும் தவறு, டிஸ்டில்டு வாட்டர் கேட்டால் பெட்ரோல் பங்க்கிலிருந்து பேட்டரி தண்ணீர் வாங்கி வந்துவிடுவார்கள். அது மூச்சில் போவதற்காகத் தயாரித்ததல்ல. பெரிய மருத்துவமனை வாசலில் உள்ள மெடிக்கலில் ஸ்டெரைல் வாட்டர் ஃபார் இர்ரிகேஷன் என்று கேளுங்கள், அரை லிட்டர், ஒரு லிட்டர் பாட்டிலில் வரும். பக்கத்திலேயே அதே தோற்றத்தில் நார்மல் சலைன் இருக்கும். லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள், உப்பு டேங்க்கின் தகட்டைக் கெடுத்துவிடும். எதுவும் கிடைக்காத ஊரில் ஆர்ஓ கேன் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்து ஊற்றலாம். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நாலு நாளில் வெள்ளைப் படிவு கட்டும். கட்டிவிட்டால் ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கழுவலாம். காலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டி, டேங்க்கைத் திறந்து காயவையுங்கள். எறும்பும் பல்லியும் உள்ள வீட்டில் குழாயைக் கழற்றி மேலே தொங்கவிட்டு, மெஷின் வாயை மெல்லிய துணியால் மூடிவையுங்கள்.

மாஸ்க்கைக் கெடுப்பது வெயிலும் எண்ணெயும். மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்டால் சிலிக்கோன் விறைத்துப் போகும், நிழல்தான் சரி. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படுத்தால் மாஸ்க் ஓரம் வழுக்கும், காற்று கசியும், பட்டை தளரும். கசிவைக் குறைக்கப் பட்டையை இறுக்கினால் மூக்குத்தண்டு புண்ணாகும். படுக்குமுன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, பவுடர் போடாமல் படுத்தாலே பாதிக் கசிவு நின்றுவிடும். டெட்டால், சானிடைசர் இரண்டும் மாஸ்க்குக்கு ஆகாது.

உதிரி பாகம் சென்னை, கோயம்புத்தூர், மதுரையில் கிடைக்கும். சிறு ஊர்களுக்குக் கூரியரில் வரவழைக்கலாம். பொதுவான 22 மி.மீ. குழாயும் மாஸ்க்கும் வீட்டில் வைக்கும் பெரும்பாலான மெஷின்களுக்குப் பொருந்தும். சூடேற்றும் குழாய் அந்தந்த மாடலுக்கே உரியது. ஏர்மினி போன்ற பயண மெஷினுக்குக் குழாயும் இணைப்பியும் தனி என்பதால் அதற்கு ஒரு செட் கையிருப்போடு வருவது நல்லது. குழாய் வகையை மாற்றினால் மெனுவில் அதையும் மாற்ற வேண்டும், இல்லையேல் அழுத்தம் சற்றுத் தவறும்.

மெஷினை மாத வாடகைக்கும் தருகிறார்கள். பெற்றோரைப் பார்க்க அடிக்கடி வருகிறவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் மாஸ்க், குழாய், வடிகட்டி மூன்றையும் புதிதாகவே கேட்டு வாங்குங்கள். ஓடிய மணி நேரத்தை மெனுவில் காட்டச் சொல்லுங்கள். பழைய பிலிப்ஸ் ட்ரீம்ஸ்டேஷன் என்றால், 2021 ஜூனில் உள்ளே உள்ள நுரைப்பஞ்சு சிதைவதற்காகத் திரும்பப் பெறப்பட்ட வரிசையைச் சேர்ந்ததா என்று சீரியல் எண்ணைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். உங்கள் அழுத்தம், மூச்சுவிடும் வசதியின் அளவு, மாஸ்க் அளவு மூன்றும் எழுதிய டாக்டர் சீட்டு கைவசம் இருக்கட்டும். இரவுப் பதிவைக் கிளினிக்குக்கு அனுப்பும், மெஷினுக்குள் இருக்கும் மோடம் இங்கே இணையாமல் போகலாம். எஸ்டி கார்டு உள்ளே இருந்தால் இரவுப் பதிவு அதில் சேரும். அமெரிக்கக் காப்பீட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர்கள் கார்டைக் கழற்றிவைக்கக் கூடாது.

பயணத்தில் மெஷினும் பேட்டரியும் எப்போதும் கைப்பையோடுதான். 100 வாட்-அவர் வரையிலான லித்தியம் பேட்டரிக்குத் தனி அனுமதி வேண்டாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டு கொண்டுவரலாம். அதற்கு மேல் ஏற்ற மாட்டார்கள். டேங்க்கில் சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. ஊருக்குள் இரவு ரயிலில் போனால் சார்ஜிங் சாக்கெட்டை இரவு 11 மணி முதல் காலை 5 வரை அணைத்துவிடுகிறார்கள், ஆகவே பேட்டரி இல்லாமல் முடியாது. ஆம்னி பஸ்ஸில் மொபைல் சார்ஜர் அளவுக்குத்தான் கரண்ட். இதனால்தான் திருநெல்வேலிப் பக்கம் போகிறவர்களுக்குப் பகல் வந்தே பாரத் நல்ல தேர்வு. ஊட்டி 2240 மீட்டர், கொடைக்கானலும் அதற்கு அருகில்; இன்றைய மெஷின்கள் உயரத்துக்கேற்ப அழுத்தத்தைத் தாமே சரிசெய்கின்றன, பழைய மாடலென்றால் கையேட்டில் பாருங்கள்.

ஊருக்கு வந்த இடத்தில் பல், கண், முழங்கால் என்று சிகிச்சை எடுக்கிறவர்கள் அதிகம். மயக்க மருந்து டாக்டரிடம் சிபாப் போடுவதை நீங்களே சொல்ல வேண்டும், விண்ணப்பத்தில் அந்தக் கேள்வி இல்லாமலும் இருக்கலாம். அறுவைக்குப் பின் கண்காணிப்பு அறைக்கே மெஷின் வந்திருக்க வேண்டும் என்று வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். தூக்கத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது என்று மெஷினுக்குப் பதிலாக வெறும் ஆக்ஸிஜன் வைக்க வந்தால், உடல் பருமனால் மூச்சு மந்தமானவர்களுக்கும் நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கும் ரத்தத்தில் கரியமில வாயு ஏறும் என்பதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்த்து வேண்டுமென்றால் குழாயில் தனி இணைப்பி வேண்டும். மெஷினை முதலில் போட்டுப் பிறகு ஆக்ஸிஜன், அணைக்கும்போது ஆக்ஸிஜனை முதலில்.

மாஸ்க்கைக் கழற்றி, உட்கார்ந்து, விழித்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால் மெஷினைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம். நெஞ்சு வலி, உதடு நீலம் பாய்தல், நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் ஒரு காலில் மட்டும் வீக்கம் இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டு காலும் வீங்கி, தட்டையாகப் படுக்க முடியாமல் போனால் அது இதயத்தின் பக்கம் பார்க்க வேண்டிய விஷயம். மறுநாள் வரை தள்ளாமல் போய்க் காட்டுங்கள். இவை எதுவும் இல்லாமல், கசிவும் சரியாக இருந்து, மணிக்கு 5-க்கு மேல் தடைகள் தொடர்ந்து பதிவானால், எஸ்டி கார்டோடு நுரையீரல் அல்லது தூக்க மருத்துவரைப் பாருங்கள். மூச்சுக்குழாய் அடைபடுவதால் வரும் தடையா, மூளை கட்டளை தராமல் வரும் தடையா என்பதைக் கார்டில் பிரித்துக் காட்டியிருக்கும். இரண்டாவது வகை கூடியிருந்தால் அழுத்தத்தை ஏற்றுவது அதை மேலும் கூட்டலாம், அதனால் அந்தப் பக்கத்தைத் தனியே காட்டிக் கேளுங்கள்.