மொரிஸ் மைனருக்கு இழுவை கூட்ட எந்த வழிக்குப் பணம் போடலாம்?

கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போகும்போது பின்னால் வரும் லொறி விடாமல் ஹோன் அடித்தால், மொரிஸ் மைனர் வைத்திருப்பவருக்கு எஞ்சினை மாற்றும் ஆசை வந்துவிடும். திருகோணமலையில் பழைய கார் நிற்கும் எந்தக் கராஜிலும் இந்தப் பேச்சு உண்டு. நிசான் சன்னி எஞ்சின் போடலாமா, 1275 சிசி எஞ்சின் தேடலாமா, இருப்பதையே சீராக்கலாமா என்று ஆளுக்கொரு கட்சி. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியே தெரியாத மாற்றங்கள், வேண்டாமென்றால் கழற்றிவிட்டுப் பழையபடி பூட்டக்கூடிய மாற்றங்கள் ஆகியவைதான் முதலில். காரை வெட்டி ஒட்டும் எந்த மாற்றமும் வேண்டாம்.

உண்மையில் நமக்கு எவ்வளவு வேகம் தேவை? நகர்ப்பகுதிக்கு வெளியே காருக்கு மணிக்கு 70 கிலோமீற்றர் எல்லை, ஊருக்குள் 50. நல்ல நிலையிலுள்ள 948 சிசி மைனர் 110 கிலோமீற்றரைத் தொடக்கூடியது. ஆகவே குறைவது உச்ச வேகம் அல்ல. பஸ்ஸை முந்த இழுவை வேண்டும், 70இல் போகும்போது எஞ்சின் கத்தாமல் இருக்க வேண்டும், நிலாவெளி வீதியில் மாடு குறுக்கிட்டால் கார் நேராக நிற்க வேண்டும். இந்த மூன்றையும் வைத்தே ஒவ்வொரு வழியையும் எடை போடுகிறேன்.

சீராக்குவதா, புதிதாகப் பூட்டுவதா

1956இல் வந்த மைனர் 1000இன் 948 சிசி எஞ்சினுக்குத் தொழிற்சாலை சொன்ன வலு 37 குதிரைவலு. 1962இல் வந்த 1098 சிசிக்கு 48. அறுபது ஆண்டு ஓடிய எஞ்சினிடம் இந்தக் கணக்கை எதிர்பார்க்க முடியாது. தொலைந்த குதிரைகளை மீட்காமல் புதிய பாகம் வாங்குவது காசைக் கரைப்பதுதான். கம்ப்ரெஷனை (சிலிண்டருக்குள் கலவை அமுங்கும் அழுத்தத்தை) அளந்து, வால்வு இடைவெளியை 0.012 அங்குலத்துக்கு வைத்து, பற்றவைப்பு நேரத்தைச் சரிபார்த்துவிட்டால், பாதிப் பேர் எஞ்சின் மாற்றும் பேச்சையே நிறுத்திவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

அடுத்தது பெற்றோலையும் காற்றையும் கலக்கும் எஸ்யூ காபரேட்டர். எஞ்சின் நன்றாகச் சூடேறி மெதுவாக ஓடும்போது எயார் கிளீனரைக் கழற்றி, மெல்லிய திருப்புளியால் உள்ளேயிருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு உயர்த்திப் பாருங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகமாகப் போகிறது. உடனே தடுமாறி அணையப் பார்த்தால் குறைவாகப் போகிறது. ஒரு கணம் சற்றுக் கூடி, பிறகு பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. அடியிலுள்ள ஆறுமுக நட்டை மேலே ஏற்றினால் பெற்றோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். ஒரு தடவைக்கு ஒரு முகத்துக்கு மேல் திருப்ப வேண்டாம். எவ்வளவு திருப்பியும் நிலைக்கு வரவில்லையென்றால் திரொட்டில் தண்டு தேய்ந்து அதன் ஓரமாகக் காற்று உள்ளே போகிறது என்று சந்தேகிக்கலாம். லேத் பட்டறையில் புஷ் போட்டால் தீரும் வேலை அது. காபரேட்டரின் மேலேயுள்ள டாஷ்பொட்டில் (பிஸ்டனின் அசைவைத் தணிக்கும் குழாயில்) எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வற்றினால் திடீரென அக்சிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் விக்கும். பலர் அந்தத் தொப்பியைத் திறந்தே பார்ப்பதில்லை.

எஞ்சின் இலக்கத் தகட்டையும் வாசியுங்கள். இலக்கத்துக்கு முன்னால் எச் என்று இருந்தால் உயர் கம்ப்ரெஷன், எல் என்றால் தாழ்ந்த கம்ப்ரெஷன். தரம் குறைந்த பெற்றோல் கிடைத்த நாடுகளுக்காகச் செய்த எஞ்சின் அது. இன்று 92, 95 ஒக்டேன் இரண்டும் கிடைக்கின்றன. ஆகவே எல் எஞ்சினை ஓவர்ஹோல் செய்யும் நாளில் எச் பிஸ்டன்களைப் போடுவது, வெளியே ஒரு ஆணிகூட மாறாமல் வலுவைக் கூட்டும் வழி. ஹெட்டை, அதாவது எஞ்சினின் மேல்பாகத்தை, கழற்றும் அதே நேரத்தில் எக்ஸோஸ்ட் வால்வுகள் வந்து அமரும் இடத்துக்குக் கடினமான சீற் வளையம் போட்டுவிடுங்கள். 2002இல் இங்கே பெற்றோலிலிருந்து ஈயம் நீங்கிவிட்டது. அந்த ஈயம்தான் பழைய வார்ப்பிரும்பு சீற்றுகளைத் தேயாமல் காத்தது.

பொயின்ற்றா, எலெக்ட்ரோனிக்கா

டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளேயே அடங்கும் எலெக்ட்ரோனிக் பற்றவைப்பு இப்போது கிடைக்கிறது. உப்புக் காற்றில் பொயின்ற் (பற்றவைப்புக்கான தொடுமுனை) கரியும் ஊரில் இது வீண் செலவல்ல. இரண்டு வயர்களைத் தவிர வெளியே எதுவும் தெரியாது. ஆனால் மைனர் பற்றரியின் நேர்முனையை உடலோடு, அதாவது எர்த்தோடு, இணைத்த கார். எதிர்முனை எர்த் காருக்கான எலெக்ட்ரோனிக் மொடியூலைப் பூட்டினால் சாவியைத் திருப்பியதும் எரிந்துபோகும். வாங்கும்போதே நேர்முனை எர்த் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். சரியாக வைத்த பொயின்ற்றைவிட இது அதிக வலு தந்துவிடாது. காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும், நேரம் நழுவாது, அவ்வளவுதான். பழைய பொயின்ற்றையும் கொண்டன்சரையும் டாஷ்போர்டில் வைத்துக்கொண்டால், வழியில் மொடியூல் செத்தாலும் பன்குளத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

டிஃபரன்சியலா, ஹெட்டும் காபரேட்டருமா

இந்த ஒப்பீட்டில்தான் எனக்கு அதிக அக்கறை, ஏனென்றால் பணம் பெரும்பாலும் தவறான பக்கம் போவது இங்கேதான். எஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் குறைத்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்சியல். 948 காரில் அதன் விகிதம் 4.55, 1098 காரினுடையது 4.22. பின் அச்சுக்குள் இந்த ஒரு பாகத்தை மாற்றினால் அதே வேகத்தில் எஞ்சின் ஏறத்தாழ 7 சதவீதம் குறைவாகச் சுற்றும். 70இல் ஹபரணைக்குப் போகும் பயணத்தில் சத்தம், சூடு, பெற்றோல் மூன்றும் குறையும். காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் எவருக்கும் தெரியாது. ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள்: வேகமானி கியர் பொக்ஸிலிருந்து ஓடுகிறது. பழைய வேகமானியை அப்படியே விட்டால் அது 70 காட்டும்போது நீங்கள் உண்மையில் 75க்கு மேல் போவீர்கள். பொலிஸ் நிற்கும் இடத்தில் அந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் விகிதத்தை இறக்கினால் மேலேறும் இழுவை சற்றுக் குறையும். சீராக ஓடும் 948 அதைத் தாங்கும். கோட்டைக்குள்ளிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியில் மூன்றுக்குப் பதில் இரண்டாம் கியர் போட வேண்டி வரலாம். கம்ப்ரெஷன் விழுந்த எஞ்சினுக்கு இந்த மாற்றம் ஆகாது, அது இன்னும் திணறும்.

எதிர்த்தரப்பு ஹெட்டும் காபரேட்டரும். ஒன்றரை அங்குல எஸ்யூ, எம்ஜி 1100இலும் மினி கூப்பரிலும் வந்த 12ஜி295 ஹெட், சீரான எக்ஸோஸ்ட் குழாய் ஆகிய மூன்றும் சேர்ந்தால் 1098 எஞ்சின் நன்றாக மூச்சு விடும். இழுவை உண்மையாகவே கூடும், மறுக்கவில்லை. ஆனால் ஹெட் தேடுவதற்கே மாதக்கணக்காகும். கிடைப்பது வெடித்த ஹெட்டாக இருக்கலாம், காபரேட்டர் ஊசியை மாற்றித் திரும்பவும் டியூன் செய்ய வேண்டும். இதில் ஒன்றை மட்டும் பூட்டுபவர்களுக்குப் பலன் மிகக் குறைவு. பணமும் பொறுமையும் இருப்பவர்கள் மூன்றையும் ஒன்றாகச் செய்யட்டும், கழற்றிய பாகங்களைத் துடைத்து எண்ணெய் பூசிப் பெட்டியில் வைக்கட்டும். ஒன்றுக்குத்தான் காசு என்றால் டிஃபரன்சியலுக்கே என் வாக்கு.

கச்சான் காற்று வீசும் மாதங்களுக்கு ஒரு வார்த்தை. மைனரில் காபரேட்டரும் எக்ஸோஸ்ட் மனிஃபோல்டும் ஒரே பக்கம். எஞ்சினை நிறுத்திய பிறகு அந்தச் சூடு மேலேறிப் பெற்றோலை ஆவியாக்கிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு தகட்டுக் கவசம் வைப்பது எந்த வேக மாற்றத்தையும்விட மலிவு.

பிரேக்

948 காரின் முன் டிரம் 7 அங்குலம், 1098 காரினுடையது 8 அங்குலம். டிஸ்க் பிரேக் நன்றாக நிறுத்தும், ஆனால் கார் மாறியது அதில் அப்பட்டமாகத் தெரியும், செலவும் அதிகம். 8 அங்குல டிரம், பின்தகடு, ஷூ, வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் ஒரு தொகுதியாக எடுத்துப் பூட்டினால் காரின் தோற்றம் மாறாது, 70இல் ஓடும் காருக்கு அது போதும். மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தளத்துக்குக் கீழே இருப்பதால் மழைநீரும் உப்பும் முதலில் தின்பது அதைத்தான். வேகம் கூட்டும் எந்த வேலைக்கும் முன் தளத்தகட்டைத் திறந்து அதைப் பாருங்கள்.

சன்னி எஞ்சினா, 1098ஆ

நிசானின் ஏ12 நல்ல எஞ்சின். 1171 சிசி, ஐந்து மெயின் பேரிங். மைனரின் எஞ்சினுக்கு மூன்றே. தினமும் சீனன்குடாவுக்கு வேலைக்குப் போய்வர ஒரு கார்தான் தேவை, அது மைனராக இருப்பது தற்செயல் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எஞ்சின் தாங்கிகளை வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும். கியர் பொக்ஸுக்காகக் குறுக்குச் சட்டத்திலும் கைவைப்பவர்கள் இருக்கிறார்கள். முன் சஸ்பென்ஷனின் டோர்ஷன் பார்கள் (முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பிகள்) பின்னுக்கு வந்து பிடிப்பது அந்தச் சட்டத்தில்தான். அங்கே வெட்டுவது காரின் முதுகை வெட்டுவது. பதிவுச் சான்றிதழிலுள்ள எஞ்சின் இலக்கமும் மாறும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிய வேண்டும். அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது மைனரின் சைலன்சரில் உருளும் அந்தச் சத்தம் திரும்பி வராது. 1275 சிசி அதே குடும்பத்து எஞ்சின்தான், ஆனால் மைனரின் மெல்லிய பின் அச்சுத் தண்டுகள் அந்த இழுவைக்குச் செய்யப்பட்டவை அல்ல.

948 காருக்கு 1098 எஞ்சினே என் தெரிவு. அதே உருவம், அதே தாங்கிகள், கூடுதலாக 11 குதிரைவலு. எஞ்சின் இலக்கம் இங்கேயும் மாறும், ஆகவே இதையும் பதிய வேண்டும், பழைய எஞ்சினை விற்காமல் வைத்திருக்க வேண்டும். தேடும்போது இலக்கம் 10எம்ஏ என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். மினியிலிருந்தோ ஒஸ்டின் 1100இலிருந்தோ கழற்றிய 1098ஐக் காட்டி இதுவும் ஒன்றுதான் என்பார்கள். அவை குறுக்காகப் பூட்டும் எஞ்சின்கள், கிராங்கின் பின்முனை வேறு, மைனரின் கியர் பொக்ஸோடு நேரே சேராது. கிளச், பிளைவீல், கியர் பொக்ஸ் மூன்றையும் எஞ்சினோடு ஒரே தொகுதியாகக் கேளுங்கள். 1098இன் கிளச் ஏழேகால் அங்குலம், 948இனுடையது ஆறேகால். கியர் பொக்ஸின் வெளிவார்ப்பு வழுவழுப்பாக இருந்தால் அது பழைய 948இனுடையது, வரிவரியாகப் புடைத்திருந்தால் 1098இனுடையது. சேறு படிந்திருந்தாலும் கையால் தடவினாலே தெரிந்துவிடும்.