ரியான் பிளக்: கேபிள் ஒன்று, சாலிடர் மூன்று முறை

ஹெட்போன் கேபிளை நானே செய்துகொள்வது என்று இறங்கியபோது முதலில் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் 20 ரூபாய்க்கு ஒரு 3.5 மிமீ பிளக் வாங்கினேன். சாலிடரிங் அயர்னை (சாலிடர் எனும் ஈயத்தை உருக்கிக் கம்பியை ஒட்டும் சூட்டுக்கோல்) வைத்த மாத்திரத்தில் உள்ளே இருந்த பிளாஸ்டிக் இளகி, நுனி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அப்புறம்தான் நியூட்ரிக் நிறுவனத்தின் ரியான் பிராண்டில் வரும் என்.ஒய்.எஸ். 231 பிளக்கை வாங்கினேன்.

வித்தியாசம் கையிலேயே தெரிகிறது. சூடு தாங்குகிறது. பின்னால் இருக்கும் தகட்டு நாக்கைக் குறட்டால் மடக்கினால் கேபிளைக் கவ்விக்கொள்கிறது. இழுத்தால் பாரம் சாலிடரில் விழாது. இணைப்பும் எளிது: நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான எர்த்.

ஆனால் என் பழைய கேபிளின் கம்பியில் சாலிடர் ஒட்டவே இல்லை. பிளக்கைத் திட்டினேன், பாவம். சிவப்பும் பச்சையுமாகத் தெரிந்தது நிறமல்ல, எனாமல் பூச்சு. அயர்ன் நுனியில் ஒரு துளி ஈயத்தை உருக்கி, கம்பியை அதில் சில நொடி முக்கினால் பூச்சு கருகி, கம்பி வெள்ளி நிறமாகிறது. இரண்டாம் முறை ஒட்டியது. பார்த்தால் பிளக்கின் மூடியை முதலிலேயே கேபிளில் கோர்க்க மறந்திருக்கிறேன்! எல்லாவற்றையும் பிரித்து மூன்றாம் முறை.

குறை என்றால், மூடியின் வாய் சின்னது. பின்னல் உறை போட்ட தடிமனான கேபிள் நுழையாது. கேபிளை அளந்துவிட்டு வாங்குங்கள். மூடுவதற்கு முன் கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டு ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று மல்டிமீட்டரில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.